இடப்பக்கத்து ரப்பர் வளையம்

1962 ஜூன் 18, திங்கள்

விடியும் முன்பே மழை. சாக்கடை நிரம்பி முற்றமெல்லாம் தண்ணீர். மிளகாய் காயப்போட வழியில்லை, அடுப்புக்கு மேல் பரணில் பரப்பச் சொல்ல வேண்டும். கடைவாய்ப் பல் வலி கொஞ்சம் பரவாயில்லை. ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த நோட்டை ஒளித்து வைக்கத் தேவையில்லை. மகள் ரஹ்மத்துக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும்.

வீட்டுக்காரர் இறந்த பின் அடைந்திருக்கும் இத்தா, நாலு மாதம் பத்து நாள், பாதி தாண்டியும் முடிகிற மாதிரி இல்லை. படி இறங்கக்கூடாது. வெளி ஆண்கள் காதில் குரல் விழக்கூடாது. வளையல் இல்லை, அத்தர் இல்லை, கலர்ச் சேலை இல்லை. ஜன்னலில் நிற்கக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கேட்டால் சொல்வார்கள். அதனால் கேட்கவில்லை.

ஜன்னலுக்கு நேர் கீழே சுக்கு மூட்டை அடுக்கும் எங்கள் கிட்டங்கியின் முற்றம். தகரக் கொட்டகையில் அவருடைய கார், பின்பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டு. இடப்பக்கம் தூக்கி நிற்கிறது, வலப்பக்கம் தாழ்ந்து. சந்தேகம் இருந்தால் பின்னாலிருக்கும் கிட்டங்கிக் கதவின் குறுக்குச் சட்டத்தோடு பம்பரைச் சேர்த்துப் பார்க்கலாம். சட்டம் நேர். பம்பர் கோணல்.

இடப்பக்கம் அவர் உட்காரும் பக்கம். எழுந்து போய்விட்டார் என்பதை அந்த வண்டி தினமும் காலையில் எனக்குச் சொல்ல வேண்டுமா? நானே மறக்கவில்லையே.

ஜூன் 19, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. வேலைகள்: தலையணை உறை மாற்ற. சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டி தீர்ந்தது. குர்ஆன் ஒரு ஜூஸு ஓதி முடிக்க. ரஹ்மத்தின் குடைக்கம்பி.

கொட்டகையில் ஒதுங்கிய, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் காரைப் பார்த்துப் பேசியது மேலே கேட்டது.

“நோக்கடா, ஒத்தக் காலில நிக்கணு.”

“முதலாளியோட கனம் தாங்கின வண்டியல்லே. இப்ப பொங்கிப் போயி.”

சிரிப்பு. இன்னொருவன் “சும்மா இரிடா, உம்மா மேலே உண்டு” என்று என்னைச் சொல்லி அடக்கினான்.

ரப்பர் போட்ட கதை. எழுதினால் மனசு ஆறுமோ என்னவோ.

துரை ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது விற்ற ஜெர்மன் வண்டி அது. லாரிக்கு இருப்பதுபோல் பட்டைப் பட்டையான வில் இல்லை, பின்னால் இரண்டு பக்கமும் சுருள் ஸ்பிரிங். அவர் ஏறி உட்கார்ந்தாரானால் இடப்பக்கம் அப்படியே அமுங்கும். மட்டாஞ்சேரி பஜாரில் அவரை விடக் கனமான வியாபாரி கிடையாது என்று அவரே பெருமையாகச் சொல்வார், ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி. நான் வலப்பக்கம், திரை போட்ட ஜன்னல் ஓரம். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் சறுக்கிக்கொண்டு அவர் மேல் போய் விழுவேன். “வா வா, இது உன் வீடுதான்” என்பார். டிரைவர் அந்தோணிக்குக் கேட்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் பிடித்திருந்தது. இதை இந்த நோட்டில்தான் சொல்ல முடியும்.

டயர் மட்காடில் உரச ஆரம்பித்தது. தோப்பும்படியில் பாப்பச்சன் மேஸ்திரியிடம் கொண்டுபோனார்கள். ஸ்பிரிங்குக்கும் மேலே வண்டி உடம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் இருக்குமாம், மேஸ்திரி அதற்குப் ‘பேடு’ என்று பெயர் சொன்னார். பழையது நசுங்கிக் கிடந்ததைக் கொண்டுவந்து காட்டினார். பார்க்க ஆறிப்போன உளுந்து வடை. இடப்பக்கத்துக்கு மட்டும் கனமாக ஒன்று, ஏதோ இழுவைப் படகின் பக்கவாட்டில் கட்டியிருந்த ரப்பரிலிருந்து அறுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்தால் வண்டி மட்டமாக நிற்கும். இறங்கினால் இடப்பக்கம் எழும்பிவிடும்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் சறுக்க இடமில்லாமல் போயிற்று. சீட்டின் இந்த ஓரத்தில் நான், அந்த ஓரத்தில் அவர், நடுவில் அவருடைய தோல்பை. ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் உட்காருவது மாதிரி.

அந்த ரப்பர் போட்ட பிறகு அவர் என் பக்கம் சாய்ந்தது ஒரே தடவை. எர்ணாகுளத்திலிருந்து திரும்பும்போது, தோப்பும்படிப் பாலத்தின் நடுவில். தலை என் தோளில் வந்தது. தூங்குகிறார் என்று நினைத்துத் தோளை அசைக்காமல் வைத்திருந்தேன். கிட்டங்கி வாசல் வரைக்கும் வைத்திருந்தேன்.

ஜூன் 23, சனி

மழை இல்லை, மூட்டம். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு ஜன்னலைத் திறந்தேன்.

வண்டி மட்டமாக நிற்கிறது.

பம்பரும் சட்டமும் ஒரே கோடு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இடப்பக்கம் அமுங்கி, டயரின் மேல்பாதி உள்ளே போய், அவர் உட்கார்ந்திருந்தால் எப்படி நிற்குமோ அப்படி. பின் ஜன்னல்களில் திரை இழுத்து விட்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்காகப் போட்ட திரை அது, யாரும் என்னைப் பார்க்கக்கூடாது என்று. இப்போது நான் பார்க்க முடியாமல் நிற்கிறேன்.

பேய் பிசாசு அண்டாமலிருக்க ஓதும் ஆயத்துல் குர்ஸி ஓதினேன். ஓதும்போதே, ஓதினால் போய்விடுவாரோ என்று நிறுத்தினேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பல் துலக்கிவிட்டு வந்த ரஹ்மத்தைக் கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் உள்ளே பால் பொங்கிவிட்டது. திரும்பி வந்தபோது வண்டி பழையபடி தூக்கி நின்றது. அந்தோணி அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

மதியம் சோறு இறங்கவில்லை. கணம்பு மீன் குழம்பு, வீணாயிற்று. பூனைக்கு யோகம்.

ஜூன் 25, திங்கள்

இன்றும் மட்டம். நேற்றும். ஒரு பயமும் இல்லை இப்போது.

சுக்கு வாசனை ஜன்னல் வரை வந்தது. கிட்டங்கி முழுக்கச் சுக்கு மூட்டைதான், வாசனை வராமல் என்ன செய்யும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் சட்டையில் வரும் வாசனைக்கும் மூட்டை வாசனைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?

அந்தோணியைக் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கேட்க முடியாது. ரஹ்மத் மூலம் கேட்கலாம். என்னவென்று கேட்கச் சொல்வது? “உங்கத்தா காலையில கார்ல வந்து உக்கார்றாங்களான்னு அந்தோணிச் சேட்டன்கிட்ட கேட்டுட்டு வா”வா? பெண் அழுதுவிடும். இல்லாவிட்டால் டாக்டரைக் கூப்பிடும்.

ஜூலை 3, செவ்வாய்

கொழுந்தன் சுலைமான் வந்தார். இனிமேல் சு. என்று எழுதுகிறேன். முழுப்பெயர் எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி: சு. மாடிப்படியில் நிற்பார். நான் கதவுக்குப் பின்னால். நடுவில் ரஹ்மத். அவர் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கும். ஆனாலும் ரஹ்மத் திரும்ப ஒரு தடவை சொல்வாள். நான் அவள் காதில் சொல்வது அவருக்கும் கேட்டிருக்கும், கேட்காத மாதிரி கூரையைப் பார்ப்பார்.

“உங்கம்மாட்ட சொல்லு மோளே. வண்டி கோணிக்கிட்டு நிக்குது. பஜார்ல பேச்சா இருக்கு. பாப்பச்சன வரச்சொல்லி அந்தத் தடிச்ச பேட எடுத்துட்டு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்ரலாம். கல்வத்தியில மரக்கடைக்காரர் ஒருத்தர் வண்டியக் கேக்குறாரு. நேரா நின்னாத்தான் வாங்குவாரு.”

ரஹ்மத் என் பக்கம் திரும்பி, “அம்மா, சின்னத்தா சொல்றாங்க...”

“கேட்டுச்சு. தொடக்கூடாதுன்னு சொல்லு.”

“தொடக்கூடாதாம், சின்னத்தா.”

“ஏனாம்?”

ஏனாம் என்றால் என்ன சொல்ல? அந்தச் சாய்வு இப்போது என் பக்கம் இருக்கிறது என்றா? முன்பு நான் அவரிடம் சறுக்கினேன். இப்போது அவருடைய இடம் மேடு, என்னுடையது பள்ளம். இத்தா முடிந்ததும் ஒரே ஒரு தடவை என் இடத்தில் உட்கார்ந்து அந்தப் பாலம் வரை போய் வர வேண்டும். அவர் அங்கே இருந்தால் இந்தத் தடவை அவர்தான் என்னிடம் சறுக்கி வர வேண்டும். ரப்பரை எடுத்துவிட்டால் இருக்கிறாரா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

“இத்தா முடியட்டும்னு சொல்லு” என்றேன்.

சு. இறங்கிப் போனார். பாதிப் படியில் நின்று மூக்கைச் சிந்தினார். எப்போது பார்த்தாலும் ஜலதோஷம். அண்ணன் கபுர் மண் காயவில்லை, அதற்குள் வண்டியைத் தள்ளிவிட அவசரம். கல் நெஞ்சு. இவரைத்தானா அவர் தோளில் தூக்கி வளர்த்தார்?

ஜூலை 4, புதன்

பல் வலி திரும்பவும். உப்புத் தண்ணீர். பம்பர் மட்டம். ரஹ்மத்துக்குப் புது ரவிக்கைத் துணி, கட்டம் போட்டது, அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 12, வியாழன்

காற்றும் மழையும். ராத்திரி பூராவும் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. பஜார் ரோட்டில் முழங்கால் தண்ணீர், கடை ஒன்றும் திறக்கவில்லை. அந்தோணி வல்லார்பாடம் தீவுக்காரன், படகு ஓடவில்லை, அவன் வரப்போவதில்லை. சு. நேற்றே ஆலப்புழை போய்விட்டார். கிட்டங்கி வாசல் பூட்டு போட்டபடி. சு. கொடுத்துவிட்டுப் போன சாவி என் இடுப்பில்.

வண்டி மட்டமாக நிற்கிறது.

விடிந்ததிலிருந்து பார்க்கிறேன். எழும்பவே இல்லை. மற்ற நாளெல்லாம் அந்தோணி வந்து துடைக்கிற நேரத்துக்குள் எழும்பிவிடும். இன்று துடைக்க ஆளில்லை. அவருக்கும் போக அவசரமில்லை போலிருக்கிறது.

ரஹ்மத்தைக் கூப்பிட்டேன். “அந்தக் கார் நேரா நிக்குதா பாரு.”

ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். “இந்த மழையில எல்லாம் ஒண்ணாத்தாம்மா தெரியுது.”

“நல்லாப் பாரு.”

“குளிருதும்மா. கதவச் சாத்துங்க.”

சாத்தவில்லை. முழுக்க நனைந்தேன். கொஞ்ச நேரம், சத்தமாக, வெளி ஆண்கள் யாரும் கேட்க இல்லை என்ற தைரியத்தில், “ஏங்க” என்று கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிட்டேன், பேர் சொன்னதில்லை. மழைதான் பதில்.

ஜூலை 14, சனி

காய்ச்சல் எனக்கு. கஞ்சி. வண்டி தூக்கி நிற்கிறது. அழுதேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூலை 29, ஞாயிறு

வெயில்! துணியெல்லாம் மாடியில். மிளகாய் ஒருவழியாகக் காய்ந்தது.

மரக்கடைக்காரர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பின்னால் போய்க் குனிந்து, கையால் மட்காடுக்கும் டயருக்கும் நடுவே விரல் வைத்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெண் பார்க்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்த்த மாதிரி.

சு. அவரிடம் சொன்னது கேட்டது: “இப்ப ஒண்ணும் செய்ய முடியாது. அண்ணன் வீட்ல இத்தாவுல இருக்காங்க. அவங்க வாயால சொல்லாம நான் கைய வைக்க மாட்டேன்.”

ஆச்சரியம். ஆனாலும் அவரை நம்பவில்லை.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

இத்தா முடிந்தது. காலையில் குளிப்பு, பாத்திஹா, சொந்தக்காரப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். நெய்ச்சோறு. ஒருத்தி, “இனி மனசத் தேத்திக்கங்க மச்சி” என்றாள், எலும்பைக் கடித்துக்கொண்டே.

எல்லோரும் போன பிறகு படி இறங்கினேன். முழங்கால் மறந்துவிட்டது, ரஹ்மத் பிடித்துக்கொண்டாள். வெயில் கண்ணைக் கூசிற்று. கார் தூக்கித்தான் நின்றது. பக்கத்தில் போனால் மேலிருந்து பார்த்ததைவிட அதிகக் கோணல்.

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டு கதவைத் திறந்தான். என் இடத்தில் உட்கார்ந்தேன். ரஹ்மத் முன்சீட்டில். பின்சீட்டில் நானும் அவருடைய இடமும். சீட்டு அங்கிருந்து என்னை நோக்கி இறங்கி வருகிறது. நான் நினைத்த மாதிரியே.

“பாலம் வரைக்கும் போ அந்தோணி” என்றேன். என் குரலைக் கேட்டு அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வளைவில் ஏதோ உருண்டு வந்து என் தொடையில் இடித்தது. ஒரு துண்டு சுக்கு. இன்னொரு வளைவில் இன்னும் இரண்டு. குனிந்து பார்த்தேன். சீட்டு மடிப்பு நிறையச் சுக்குத் தூளும் சாக்கு நாரும்.

“இது என்ன அந்தோணி?”

அவன் வண்டியை ஓரங்கட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை.

“உம்மா கோபிக்கண்டா. சுலைமான் முதலாளிதான் பறஞ்சது. முதலாளி இல்லாத்த சீட்டு பொங்கி நிக்கறது காலையில உம்மா ஜன்னல் துறந்து கண்டா நெஞ்சு பொட்டிப் போகும், ரெண்டு சாக்கு சுக்கு அவிட எடுத்து வை, திரையப் போடு, கிட்டங்கி துறக்கற நேரம் எடுத்துக்கோன்னு. ஆரோடும் பறயண்டான்னு சொல்லி.”

“தினமுமா?”

“சுலைமான் முதலாளி ஊர்ல இருந்த நாளெல்லாம். சாக்கு போதாத நாளில அவரும் கூடக் கேறி இரிக்கும். சாக்கைக் கெட்டிப்பிடிச்சோண்டு. கரையும்.”

கரையும் என்றால் அழுவார். மலையாளம். ரஹ்மத் முன்சீட்டில் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த ஒல்லிக்குச்சி, மூக்கைச் சிந்திக்கொண்டு, சுக்கு மூட்டையைக் கட்டிப்பிடித்து அண்ணன் இடத்தில். நான் மேலே நின்று அவரைத் திட்டிக்கொண்டு. யா அல்லாஹ்.

பாலம் ஏறி இறங்கினோம். யாரும் என் பக்கம் சறுக்கி வரவில்லை. சுக்கு மட்டும்.

புயல் நாளைப் பற்றி அந்தோணியிடம் கேட்கவில்லை. அன்று அவனும் இல்லை, சு.வும் இல்லை, சாவி என்னிடம். கேட்டால் ஏதாவது காரணம் சொல்வான். கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 15, புதன்

சு. வந்தார். நடுவில் ரஹ்மத் வேண்டியிருக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் பழக்கம் விட்டுப்போய், யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் அவளையே பார்த்தோம்.

“நாளைக்கு வண்டியத் தோப்பும்படி அனுப்புங்க தம்பி” என்றேன்.

“சரி மதினி. அந்தப் பேட எடுத்துரச் சொல்றேன்.”

“எடுக்க வேணாம். அவங்க பக்கத்த இறக்காதீங்க. என் பக்கத்த ஏத்துங்க. அதே கனத்துல ஒண்ணு.”

“அப்ப வண்டி விக்கிறதில்ல, அப்படித்தானே?” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “நல்லது மதினி. தூக்கி நிக்குறத பாக்க முடியாமத்தான் விக்கலாம்னு... அண்ணன் இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரியே இருக்கும்.”

“எனக்கும் அப்படித்தான் தம்பி.”

சுக்குக் காப்பி கொடுத்தேன். இரண்டு தம்ளர் குடித்தார். ஜலதோஷம் இல்லை, அழுகைதான் என்று இப்போது தெரிகிறது.

ஆகஸ்ட் 16, வியாழன்

நானும் போனேன் மேஸ்திரியிடம். பட்டறை வாசலில், காருக்கு வெளியே, முக்காடு போட்டு ஒரு முக்காலியில். மீன் நாற்றம், கிரீஸ் நாற்றம். பாப்பச்சன் மேஸ்திரிக்கு என் யோசனை அறவே பிடிக்கவில்லை.

“ரெண்டு பக்கமும் தடிச்ச பேடா? காலி வண்டி பின்னாடி பொங்கி நிக்கும் உம்மா. முட்டையிடப் போற கோழி மாதிரி.”

“நிக்கட்டும்.”

“மட்டமா நிக்கும். அது சரி. பக்ஷே ஆராவது கனமா ஒரு பக்கம் உக்காந்தா அந்தப் பக்கம் தாழும். முன்னே முதலாளி உக்காந்தப்ப தாழ்ந்த மாதிரி. பிறகு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

அந்த இழுவைப் படகின் ரப்பரில் மிச்சம் அவரிடமே இருந்தது, மூலையில் சாத்தி வைத்திருந்தார். அறுத்து, ஓரம் சீவி, இடப்பக்கத்து வளையத்தை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அதை ஒரு நிமிஷம் கையில் கேட்டு வாங்கினேன். ஒரு ஓரம் அமுங்கிப் போயிருந்தது, அவர் கனத்தில். சூடு இருந்தது. வெயிலில் கிடந்த சூடுதான்.

சாயங்காலம் வண்டி மட்டமாக, ஒரு சாக்கும் இல்லாமல், கோழி மாதிரி பின்னால் தூக்கிக்கொண்டு கொட்டகையில் நின்றது. ரஹ்மத் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு.

ஆகஸ்ட் 17, வெள்ளி

ஜும்மாவுக்கு சு. காரில் போனார், முன்சீட்டில். பின்சீட்டில் உட்கார மாட்டாராம். பம்பர் நேர். வண்டியைப் பார்த்தால் இப்போது ஒன்றுமே தெரியவில்லை, யார் எழுந்து போனதும் யார் வந்ததும். சாதாரணக் கார். தூக்கம் நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

மாலையில் மேகம். சு. சரக்கு விஷயமாக ஆலப்புழைக்குப் புறப்பட்டார்.

ஆகஸ்ட் 18, சனி

பேய்மழை. படகு இல்லையாம், அந்தோணி வரவில்லை. கிட்டங்கி பூட்டியிருக்கிறது. சாவி இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சுபுஹு தொழுதேன். ஜன்னலைத் திறந்தேன். சட்டத்தைப் பார்த்தேன், பம்பரைப் பார்த்தேன்.

வண்டி இடப்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. ரப்பர் போடுவதற்கு முன்னால் தாழ்ந்த மாதிரியே, நன்றாக. திரை இழுத்து விட்டிருக்கிறது.

ரஹ்மத் தூங்குகிறாள். எழுப்பவில்லை. வலப்பக்கத்துக் கதவைத் திறந்தால் என் இடத்தில் சறுக்கல் இருக்கும்.

இப்போது நான் படி இறங்கலாம்.